சுவரில் தொங்கும் சான்றிதழும் மேசைமேல் இருக்கும் சலைன் பாட்டிலும்

திருவண்ணாமலையில் மலை சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பாதி தூரத்தைத் தாண்டிய இடம். பௌர்ணமி இரவுகளில் கால் கொப்புளம், சுளுக்கு, சர்க்கரை இறங்கி வரும் மயக்கம் என்று வெளியூர் பக்தர்களுக்கு வைத்தியம் தேவைப்படும். மற்ற நாட்களில் ஊர்க்காரர்களின் காய்ச்சல், குழந்தைகளின் சளி, நாற்று நட்டு வந்தவர்களின் இடுப்புவலி. பெரிய வியாதி என்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். சின்ன வியாதிக்குப் போவது சாயங்காலம் திறக்கும் கிளினிக்குக்குத்தான். ஒரு அறை, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், வெளியே இரண்டு பெஞ்சு. தமிழ்நாட்டின் வைத்தியத்தில் ஒரு பெரிய பங்கு இப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கிறது.

இந்த அறைகளை யார் வந்து பார்க்கிறார்கள்? எதைப் பார்க்கிறார்கள்? கேட்டால் பெரும்பாலானோர் நினைவுக்கு வருவது நாளிதழில் வரும் ஒரு படம்: அதிகாரிகள் நிற்க, ஷட்டர் இறக்கி சீல் வைக்கப்பட்ட கடை, மேலே ‘போலி டாக்டர் கைது’ என்ற தலைப்பு. திருவண்ணாமலைக்கும் அப்படி ஒரு செய்தி உண்டு. 2018 டிசம்பரில், மருத்துவப் படிப்பே இல்லாத ஒரு பெண், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு செய்துவந்ததாக நகரில் கைது செய்யப்பட்டார். மாநிலமே அதிர்ந்தது. அப்படிப்பட்ட சோதனைகள் அவசியம். ஆனால் அது காவல்துறை வேலை. முறையாகப் படித்து, முறையாகப் பதிவு செய்த டாக்டரின் அறையில் நமக்குக் கிடைக்கும் வைத்தியம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, அந்த வட்டாரத்தில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் அபூர்வமான தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் மெலியாய்டோசிஸ். அதை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நெல் வயல்களில் சாதாரணமாக இருக்கும். அது மூளைக்குப் போவது மிக அரிது. ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு எப்படி? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து நோயாளிகளின் கதையைப் பின்னோக்கி விசாரித்தபோது, பத்து பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்தில் எட்டு பேர் இறந்துபோனார்கள்.

காரணம் போலி மருத்துவமோ காலாவதி மருந்தோ அல்ல. பல் பிடுங்கிய புண்ணைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டில். அந்த பாட்டிலை, ஈறை விலக்கப் பயன்படுத்தும் கருவியைக் கொண்டு திறந்திருக்கிறார்கள். மீதியை மூடி வைத்து அடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த ஒரு பாட்டிலில் அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது.

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சலைன் அரை லிட்டர் பாட்டிலாக வருகிறது. ஒரு பல்லைப் பிடுங்கினால் தேவைப்படுவது அதில் சிறு பங்கு. மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பதுதான் விதி. திறந்த சலைனில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. ஆனால் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும் பாட்டிலைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? சோற்றில் ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி எடுக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உதவியாளர் மூடி வைக்கிறார். அவரை யாரும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இது ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நூறு மில்லி பாட்டில் வாங்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைச் சொல்ல ஒருவர் அந்த அறைக்குள் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வேலை நடப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஆய்வு முறையில் அப்படி உட்காருபவர் உண்டா? இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1997-லேயே இயற்றிவிட்டது. இந்தியாவில் மத்திய சட்டம் வந்தது 2010-ல்தான். அந்த வகையில் நாம் முன்னோடி. ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018-ல்தான் வெளியாயின. 21 ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் இருந்தது, கிளினிக்குகள் அவை பாட்டுக்கு இயங்கின. 2018 திருத்தத்தில் ‘தனியார்’ என்ற சொல்லும் நீக்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளும் சட்டத்துக்குள் வந்தன. அலோபதி மட்டுமல்ல, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, ரத்தப் பரிசோதனைக் கூடம் எல்லாம் இதில் அடக்கம். ஒவ்வொன்றும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம், அதாவது எல்லோரும் ‘ஜே.டி. ஆபீஸ்’ என்று சொல்லும் இடத்தில், பதிவு செய்துகொள்ள வேண்டும். குழு வந்து பார்க்கும்; சரியாக இருந்தால் சான்றிதழ்; ஐந்தாண்டுக்குச் செல்லும்.

வருகிற குழு பார்ப்பது என்ன? டாக்டரின் பட்டமும் பதிவு எண்ணும், அறையின் அளவு, காற்றோட்டம், கழிப்பறை, குடிநீர், தீயணைப்பு ஏற்பாடு, கழிவு அகற்றும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், பதிவேடுகள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் எல்லாமே கட்டடமும் காகிதமும். இவை அத்தனையும் சரியாக இருக்கும் ஒரு கிளினிக்கில், மேசை ஓரத்தில் நேற்றுத் திறந்த சலைன் பாட்டில் உட்கார்ந்திருக்க முடியும்.

இன்னொரு சிக்கல், ஒரே அறையைப் பல துறைகள் பங்கு போட்டுக்கொண்டிருப்பது. கிளினிக் ஜே.டி.யின் பொறுப்பு. டாக்டரின் நடத்தை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பொறுப்பு. பல் டாக்டர் என்றால் பல் மருத்துவக் கவுன்சில், சித்த வைத்தியர் என்றால் வேறு மன்றம். ஊசி, பஞ்சு, ரத்தம் பட்ட துணி எங்கே போகிறது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. மருந்து அலமாரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையுடையது. எக்ஸ்ரே இயந்திரம் இருந்தால் மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். ஸ்கேன் இருந்தால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு. இத்தனை பேரில் ‘இந்த அறைக்குள் வருபவர் நோயோடு வந்து நோயில்லாமல் போகிறாரா’ என்று முழுசாகக் கேட்கும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை.

கழிவு விஷயத்தை வெறும் குப்பை விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுத்துணியும் உடல் கழிவும் மஞ்சள் பையில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் குழாய்களும் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், மருந்துக் குப்பிகள் நீலத்தில். டாக்டர்கள் சிலர் இதைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள், ‘நான் வைத்தியம் பார்க்கட்டுமா, கலர் பிரிக்கட்டுமா’ என்று. இதன் அர்த்தம் புரிய குஜராத்துக்குப் போக வேண்டும். 2009-ல் சாபர்காண்டா மாவட்டத்தின் மோடாசாவில் மஞ்சள் காமாலை பி வகை பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போட்டதே காரணம். அந்த விசாரணையின்போதுதான் பயன்படுத்திய சிரிஞ்சுகளைச் சேகரித்து, திரும்ப விற்பனைக்கு அனுப்பும் ஒரு வியாபாரமே நடந்துவந்தது அம்பலமானது. கைதானவர்களில் பட்டம் பெற்ற டாக்டர்களும் இருந்தார்கள். ஊசியைப் போட்ட கையோடு வெட்டிவிட வேண்டும் என்ற விதியின் நோக்கம், அந்த ஊசி இன்னொரு உடம்பைப் பார்க்கவே கூடாது என்பது. 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பல பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியதற்கும் திரும்பத் திரும்பப் போட்ட ஊசியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அங்கே போட்டவர் போலி. டாக்டர் போலியா அசலா என்பது கிருமிக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நோயாளிகளாகிய நம் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்குகிற பழக்கம் நம்முடையது. ‘ஒரு ஊசி போட்டு அனுப்புங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்’ என்பது எந்தக் கிராமத்துக் கிளினிக்கிலும் கேட்கும் குரல். அசதியாக இருந்தால் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’. மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்குப் போடும் ஒவ்வொரு ஊசியும், தேவையில்லாமல் தோலில் திறக்கும் ஒரு வழி. கேட்பதைக் கொடுக்காவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று தெரிந்த டாக்டர் போட்டுவிடுகிறார். இதை எந்த ஆய்வாளரும் வந்து திருத்த முடியாது.

சரி, அறைக்குள் உட்கார்ந்து வேலையைப் பார்க்கும் ஆய்வு சாத்தியமா? நம் அரசு மருத்துவமனைகளிலேயே அது நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. தேசியத் தர உறுதித் திட்டம் என்று ஒன்று 2013-லிருந்து இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. மதிப்பீட்டாளர்கள் நான்கு வழிகளில் உண்மையைத் தேடுவார்கள். தாங்களே நின்று கவனிப்பார்கள், ஊழியர்களிடம் கேட்பார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள், நோயாளிகளிடமும் பேசுவார்கள். நர்ஸிடம் ‘கை கழுவும் முறை தெரியுமா’ என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு போவதில்லை. ‘கழுவிக் காட்டுங்கள்’ என்பார்கள். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது 121 டிகிரி வெப்பத்தை எட்டியதற்கு அடையாளமாக நிறம் மாறிய பட்டை எங்கே, அதை ஒட்டிய நோட்டு எங்கே என்று கேட்பார்கள். சான்றிதழுக்குக் குறைந்தது 70 சதவீதம் எடுக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய ‘காயகல்ப்’ விருதுத் திட்டத்திலும் தூய்மைக்கும் தொற்றுத் தடுப்புக்கும் இப்படித்தான் மதிப்பெண். பல ஆரம்ப சுகாதார நிலையங்களின் முகம் மாறியதற்கு இவை காரணம்.

தனியார் துறையில் இதற்கு இணையாக இருப்பது என்.ஏ.பி.எச். சான்று. ஆனால் அது விருப்பப்பட்டவர் பெறுவது. காப்பீட்டு நிறுவனங்களோடு வேலை இருக்கிற பெரிய மருத்துவமனைகள்தான் பெரும்பாலும் வாங்குகின்றன. அடி அண்ணாமலை போன்ற ஊர்களின் ஒற்றை அறைக் கிளினிக் அதற்கு விண்ணப்பிக்க ஒரு காரணமும் கிடையாது. ஆக, அரசு நிலையத்துக்கு ஆழமான ஆய்வு, பெரிய தனியாருக்கு விரும்பினால் ஆழமான ஆய்வு, ஊரில் அதிகம் பேர் போகும் சின்னக் கிளினிக்குக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை காகித ஆய்வு. இதுதான் இன்றைய நிலை. என் பார்வையில் இது தலைகீழ்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தைச் சொல்லலாம். அங்கே 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர் தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். விசாரணை ஆணையம் உண்மை எண்ணிக்கை இருநூறைத் தாண்டும் என்றது. ஊரே கொண்டாடிய டாக்டர் அவர். டாக்டரை நம்பினால் போதும் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. 2013 ஏப்ரலிலிருந்து அங்கே ஒவ்வொரு குடும்ப டாக்டரின் கிளினிக்கும் ‘கேர் குவாலிட்டி கமிஷன்’ என்ற ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, மிகச் சிறப்பு, நன்று, திருத்தம் தேவை, போதாது என்று நான்கில் ஒன்றைக் கொடுப்பார்கள். அறிக்கை முழுவதும் பொதுவில் வைக்கப்படும். கிளினிக் தன் மதிப்பீட்டை நோயாளி கண்ணில் படும்படி ஒட்டியே தீர வேண்டும்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2024-ல் பென்னி டேஷ் என்ற மருத்துவ நிர்வாகி அந்த ஆணையத்தையே ஆய்வு செய்து கொடுத்த அறிக்கை கடுமையானது. பல இடங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மறு ஆய்வு நடக்கவில்லை; ஒரு மருத்துவமனைக்குள்ளேயே அதுவரை போயிராதவர்கள்கூட மருத்துவமனையை ஆய்வு செய்திருக்கிறார்கள். பணமும் ஆளும் உள்ள நாட்டிலேயே ஆய்வு முறை இப்படித் துருப்பிடிக்கிறது என்றால், ஆள் பற்றாக்குறை உள்ள நம் மாவட்ட அலுவலகங்களிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஆய்வில் கண்டதை மக்களுக்குச் சொல்வது. வாணியம்பாடி விஷயத்தில் தொற்று நடந்தது 2022-23ல். என்ன நடந்தது என்பது விவரமாக மக்களுக்குத் தெரிந்தது 2025-ல், மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வெளியாகி நாளிதழ்கள் அதை எடுத்து எழுதிய பிறகு. இடைப்பட்ட காலத்தில், திறந்த சலைனை மூடி வைக்கும் பழக்கமுள்ள மற்ற கிளினிக்குகள் எத்தனை? அவர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? பழி போடுவதற்காக அல்ல, அடுத்தவர் கற்றுக்கொள்வதற்காகவாவது அந்தச் செய்தி உடனே ஒவ்வொரு பல் மருத்துவர் மேசைக்கும் போயிருக்க வேண்டும்.

டாக்டர்கள் தரப்பின் பயமும் உண்மையானது. ஆய்வு என்றால் அலைச்சல், பத்து அலுவலகத்துக் காகிதம், யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டிய கட்டாயம் என்று அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நட்சத்திர ஓட்டலின் தீயணைப்பு ஏற்பாட்டைக் கேட்டால் அவர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். அப்புறம் ஊர்க்காரர் போவது கம்பவுண்டராக இருந்து ஊசி போடக் கற்றுக்கொண்டவரிடம்தான். கிளினிக்கை மூடவைக்கும் ஆய்வு போலிகளுக்கு வழி திறக்கும். அதனால் சின்னக் கிளினிக்குகளுக்கான ஆய்வு சின்னதாக, ஆனால் சரியான இடத்தில் குத்துவதாக இருக்க வேண்டும். கை கழுவ ஓடும் தண்ணீரும் சோப்பும், ஒருவருக்கு ஒரு ஊசி, திறந்த மருந்துக்குத் தேதி எழுதிய சீட்டு, கருவிக் கிருமி நீக்கத்துக்கு நோட்டு, ஊசி வெட்டும் கருவி, அவசரத்துக்கு ஆக்சிஜனும் அட்ரினலினும். முதல் தடவை குறை கண்டால் அபராதம் வேண்டாம், கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வாருங்கள். அரசு நிலையங்களை மதிப்பிடப் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களையே அனுப்பலாம். கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், 2018 விதிகளின் கீழ் வந்து பார்க்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. டாக்டரின் பதிவு எண் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். நம் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. ஊசி போடும்போது புது உறையை நம் கண்முன் பிரிக்கச் சொல்லுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் சிரித்துக்கொண்டே காட்டுவார். பல் டாக்டரிடம் ‘பாட்டில் புதுசா சார்?’ என்று கேட்கலாம். கிரிவலப் பாதையோரம் வேரும் தைலமும் விற்பவர் வைத்தியர் அல்ல. பதிவு பெற்ற சித்த மருத்துவருக்கும் எண் உண்டு, அவரிடமும் கேட்கலாம்.

குறை கண்டால் 104 என்ற எண்ணில் அழைக்கலாம், திருவண்ணாமலை ஜே.டி. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். உங்கள் ஊர் கிளினிக்கைக் கடைசியாக யார், எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.